லேவியராகமத்தில் நின்றுபோகும் வேத வாசிப்பு: நாள்பட்ட பயன்பாட்டில் எது நிலைக்கிறது

வேதாகமம் முழுவதையும் ஒரு வருடத்தில் வாசித்து முடிக்கும் திட்டத்தின் கணக்கில் பிழையில்லை. மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஞாயிறு 5, மற்ற நாட்களில் 3 என்று போனால் டிசம்பர் முடிய இரண்டு மூன்று நாள் மிச்சமும் இருக்கும். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஜனவரி நான்காம் வாரத்தில் யாத்திராகமம் 25, இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்தின் முழக்கணக்கு. மாதக் கடைசியில் பலிமுறைச் சட்டங்களோடு தொடங்கும் லேவியராகமம். பலர் வேதத்தை மூடிவைப்பது இந்த இடத்தில்தான். ‘எனக்கு ஆவிக்குரிய தாகம் இல்லை’ என்று தங்களையே குற்றப்படுத்திக்கொள்வார்கள். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. ஆபிரகாமின் வரலாற்றை வாசிக்கும் வேகத்தில் பலிமுறைச் சட்டத்தையும் வாசித்தால் யாருக்குமே மனதில் ஒட்டாது.

அங்கே வேகத்தை நாளுக்கு ஒரு அதிகாரமாகக் குறைத்து, பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும். லேவியராகமம் 1 முதல் 7 வரைக்கும் நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள்: பலியின் பெயர், எதைக் கொண்டுவருவது, எது எரிகிறது, மீதியை யார் சாப்பிடுவது. சர்வாங்க தகனபலியில் மாம்சம் முழுக்கப் பலிபீடத்துக்கு. தோல் மட்டும் ஆசாரியனுக்கு (7:8). போஜனபலியில் கைப்பிடி மாவு எரிகிறது, மீதி ஆசாரியர்களான ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும். கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதுதான் கண்ணில் படும்: கொண்டுவந்தவனும் உட்கார்ந்து சாப்பிடுவது சமாதானபலியில் மட்டும். அந்தப் பெயரின் பொருள் அங்கே விளங்கிவிடுகிறது.

புறாவையும் தொடர்ந்து பாருங்கள். 1:14-இல் வருகிறது, 5:7-இல் ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவனுக்காக மறுபடி வருகிறது, 12:8-இல் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்க்காக. பிறகு லூக்கா 2:24-ஐத் திறந்தால், மரியாளும் யோசேப்பும் தேவாலயத்துக்கு வந்தபோது அங்கே சொல்லப்படுவது அந்தப் புறாக்கள்தான். இயேசு எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தார் என்பதற்கு லேவியராகமமே சாட்சி. ‘வறண்ட’ பகுதி என்று தாண்டிப்போனவர்களுக்கு இது கிடைக்காது.

விடுபட்ட நாட்களை ஒரே இரவில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நான்கு நாள் விட்டால் பாக்கி 12 அதிகாரத்துக்குமேல் ஆகிவிடும். அந்தப் பாரமே ஐந்தாம் நாளையும் விடவைக்கும். தேதி அச்சிட்ட அட்டவணையைவிட, தேதியில்லாமல், முடித்த அதிகாரத்தின் கட்டத்தை அடித்துக்கொண்டே போகும் தாள் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் வரும் தடுமாற்றம் வேறு வகை. எரேமியா கால வரிசையில் இல்லை: 21-ஆம் அதிகாரம் யூதாவின் ராஜா சிதேக்கியா காலம், 25-ஆம் அதிகாரமோ அவனுக்கு முன் ஆண்ட யோயாக்கீமின் நாலாம் வருஷம். முதலில் 2 இராஜாக்கள் 22 முதல் 25 வரை வாசித்துவிட்டு, எரேமியாவின் அதிகாரங்களில் ராஜாவின் பெயர் வரும் இடத்திலெல்லாம் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் பாதிக் குழப்பம் தீரும்.

மொழியும் ஒரு காரணம், இதை வெளியே சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘பரிதானம்’ என்றால் லஞ்சம், ‘இச்சகம்’ என்றால் முகஸ்துதி. இப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள். பொருள் பிடிபடாத பத்தியை, இன்றைய தமிழில் உள்ள பொது மொழிபெயர்ப்பில் ஒருமுறை வாசித்துவிட்டு, பழகிய வேதத்துக்கே திரும்புங்கள். மனப்பாடத்துக்குப் பழையதுதான் நல்லது. அதன் ஓசையே வசனத்தை நினைவில் பிடித்துவைக்கும்.

வேதாகமத் தாள் மிக மெல்லியது. ஜெல் பேனா மை மறுபக்கம் ஊறி அங்குள்ள வசனத்தையும் கெடுக்கும்; ஹெச்பி பென்சிலோ மெழுகு கலர் பென்சிலோ போதும். செல்போனில் வாசிப்பவர்கள் முதலில் ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள்.

முற்றிலும் சோர்ந்துபோனால் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, பவுல் எழுதிய நிருபமான பிலிப்பியரை எடுங்கள். 4 அதிகாரம், 104 வசனம். உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். பத்து நாள் அதையே வாசியுங்கள். முதல் மூன்று நாள் தெரிந்ததாகவே தோன்றும். அதற்குப்பின் ‘சந்தோஷம்’ வரும் இடங்களை எண்ணத் தொடங்குங்கள். இத்தனை சந்தோஷத்தையும் எழுதியவர் சிறையில் கட்டுண்டிருக்கிறார் என்பது 1:13-இல் இருக்கிறது. விளங்காததைக் கேள்வியாக எழுதிவைத்து, தேதி போட்டு, மாதம் ஒருமுறை போதகரிடமோ வேதபாடக் குழுவிலோ கேளுங்கள். பதில் கிடைத்த கேள்வியின் பக்கத்தில் வசன எண்ணைக் குறித்துவிடுங்கள்.