இருவர் பாட இரண்டு மைக்: ஷூர் எஸ்எம்58

எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்கவும் புதிய அங்கிகள் தைக்கவும் பணம் திரட்டுவதற்காகச் சென்ற மாதம் ஓர் இசை மாலை நடத்தினோம். நான் ஆல்டோ (பெண்களின் தாழ்குரல்) வரிசையிலும் என் கணவர் டெனர் (ஆண்களின் உயர்குரல்) வரிசையிலுமாகப் பல ஆண்டுகள் பாடியிருக்கிறோமே தவிர, நாங்கள் இருவர் மட்டும் முன்னால் நின்று ஒரு கீர்த்தனை பாடியது அன்றுதான் முதல்முறை. அதற்கென்றே ஷூர் எஸ்எம்58 மைக் இரண்டை வாங்கினோம்.

1966இல் அறிமுகமான இந்த மைக்கின் எடை 298 கிராம். குரலின் அதிர்விலிருந்தே மின்னலையை உண்டாக்கும் டைனமிக் வகை என்பதால், மைக்குகளின் ஒலி அளவைச் சரிசெய்யும் மிக்ஸர் கருவியிலிருந்து தனி மின்சாரம் தர வேண்டியதில்லை. ஆனால் ஜோடியாகப் பாடுகிறவர்களுக்கு இவற்றைவிட முக்கியமானது, முன்னால் வரும் குரலை வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து வரும் ஒலியைப் பெருமளவு ஒதுக்கிவிடும் அதன் தன்மைதான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சற்றுத் திரும்பி நின்றதால் என் மைக்கின் பின்புறம் அவர் பக்கம் இருந்தது. அவர் குரல் அதில் அதிகம் கலக்கவில்லை. மிக்ஸரில் இருந்த தம்பியால் இரு குரல்களையும் தனித்தனியே ஏற்றி இறக்க முடிந்தது.

ஒத்திகையில் மட்டும் ஒருமுறை ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. உருக்கமான வரி வந்தபோது என் கணவர் தம்மை மறந்து மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தார். வலைக்குள் பின்புறமாக நுழையும் ஒலியைக் கொண்டுதான் இந்த மைக் திசையைப் பிரித்தறிகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால், பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்க அவர்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அவர் விரல்களைப் பிடியின் நடுப்பகுதிக்கு நான் இறக்கி வைத்ததுமே அலறல் நின்றது.

அவருக்கு வசதியான ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடியதால் கீழ்ஸ்தாயி வரிகளில் என் குரல் மெலிந்துபோகும் என்று அஞ்சியிருந்தேன். மைக்கை வாயருகே கொண்டுவந்தால் கீழ்ச்சுரங்கள் கனம் பெறுகின்றன என்பதைப் பயிற்சியில் கண்டுகொண்டபின், அந்த வரிகளில் இரண்டு விரற்கடை தூரத்திலும், குரல் மேலே ஏறும்போது ஒரு சாண் தூரத்திலும் வைத்துக்கொண்டேன். சபையில் மூத்தவர் ஒருவர், கடைசி வரிசையிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டதாகச் சொன்னபோது மனம் நிறைந்தது.

வாயை விட்டு விலகினால் குரல் சட்டெனத் தேய்ந்துவிடுவதால், முழுக் குழுவுக்கும் பொதுவாக நடுவில் நிறுத்தி வைக்க இது உதவாது. இதன் பெயரில் போலிகள் நிறைய உலவுவதால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பாடும்போது விரல் பட்டு அணைந்துவிடாதபடி, சுவிட்ச் இல்லாத வகையே நல்லது. மைக்கை மிக்ஸருடன் இணைக்கும் கம்பியைத் தனியாக வாங்க வேண்டும்.

வலைத்தலையைத் திருகிக் கழற்றிக் கழுவ முடிவது, பலர் மாறி மாறிப் பாடும் குழுவுக்குப் பெரிய வசதி. மறுநாள் காலை இரண்டையும் அப்படியே கழுவி, உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் நன்றாக உலர்ந்த பிறகு, பாடகர் குழுவின் உபயோகத்திற்கென்று ஆலயத்தில் ஒப்படைத்தோம்.