வெதர் வேலைக்குப் போகணும்னா பிசிக்ஸா, அக்ரியா, இன்ஜினியரிங்கா?

எங்க அக்கா பொண்ணுக்கு ஊத்தங்கரை, பயோ மேத்ஸ் குரூப், இப்பதான் பிளஸ் டூ முடிச்சிருக்கா. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை ஏறிடுச்சு, இனி ஒண்ணும் இல்லன்னு எல்லாரும் நெனச்சப்ப ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டி, ரோட்டோரம் நிறுத்தின வேன் காரெல்லாம் தண்ணியில போச்சே, அதுலேர்ந்து இவளுக்கு வெதர் பைத்தியம். "மாமா, மழை வரும் வராதுன்னு சொல்ற வேலைக்கு என்ன படிக்கணும்?"னு என்னைப் புடிச்சிக்கிட்டா. நான் அந்த வேலைக்கு எக்ஸாம் எழுதி கட்ஆஃப்ல போனவன், இப்ப ஓசூர்ல குவாலிட்டி செக்கிங் பாக்கறேன், அதனால ரூல்ஸ் மட்டும் நல்லா மனப்பாடம்.

பி.எஸ்சி. மீட்டியராலஜி, அதாவது வானிலையியல்னே ஒரு கோர்ஸ் தேடிக்கிட்டு அலைய வேணாம். நம்ம நாட்டுல இது பெரும்பாலும் எம்.எஸ்சி.லதான் ஆரம்பிக்குது, அதனால கேள்வியே அதுக்கு முன்னாடி எந்த டிகிரிங்கறதுதான்.

அக்காவுக்கு அக்ரிதான் ஆசை. காரணமும் இருக்கு. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல 4 வருஷம் பி.எஸ்சி. அக்ரி முடிச்சா அங்கேயே அக்ரோ மீட்டியராலஜில எம்.எஸ்சி. பண்ணலாம். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர்லயே அவங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பையூர் 1, பையூர் 2ன்னு கொள்ளு ரகம் வந்ததெல்லாம் அங்கேர்ந்துதான். இந்தப் படிப்புக்கு நம்ம ஊர்ல அர்த்தமும் இருக்கு: ஜனவரில மாந்தோப்புக்குள்ள போய் நின்னு பாருங்க, கொத்து கொத்தா பூ நிக்கும், அந்த நேரத்துல ரெண்டு நாள் மழ புடிச்சிதுன்னா பூ கருகி உதிர்ந்துடும், மருந்து இன்னிக்கு அடிக்கறதா வெள்ளிக்கிழம அடிக்கறதான்னு சொல்ல ஒரு ஆள் வேணும். வாரத்துல செவ்வாயும் வெள்ளியும் வர்ற வேளாண் வானிலை அறிக்கை அதுக்குத்தான்.

ஆனா ரெண்டு சிக்கல். மாவட்ட அளவுல அந்த அறிக்கை எழுதறதுக்குன்னு கேவிகேங்கற வேளாண் அறிவியல் நிலையங்கள்ல ஆரம்பிச்ச 199 யூனிட்ட 2024ல மூடிட்டாங்க, அக்ரி படிச்சவங்களுக்குக் கெடைக்கற வேலை அது. இன்னொண்ணு, ஐஎம்டில, அதாவது இந்திய வானிலை ஆய்வுத் துறைல, சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் வேலைக்கு மத்திய அரசுக்கு ஆள் எடுக்கற எஸ்எஸ்சி கேட்டது பி.எஸ்சி.ல பிசிக்ஸ் ஒரு பாடமா இருக்கணும், இல்ல கம்ப்யூட்டர் டிகிரி, இல்ல எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அக்ரிக்காரங்களுக்கு அந்தக் கதவே இல்ல. இத அட்மிஷன் போடறப்ப யாரும் சொல்ல மாட்டாங்க.

இப்ப பிசிக்ஸ். தருமபுரி கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜோ, கிருஷ்ணகிரி காலேஜோ, ஃபீஸ் கம்மி, வீட்ல இருந்தே பஸ்ல போய்ட்டு வரலாம். மேல சொன்ன எக்ஸாம் எழுதலாம், ஃபர்ஸ்ட் கிளாஸ் வேணும், பிளஸ் டூல பிசிக்ஸும் மேத்ஸும் வேணும். 2017ல 1102 இடம், அதுக்கப்புறம் 2022லதான் 990 இடம். நடுவுல அஞ்சு வருஷம் ஒண்ணும் இல்ல, நான் அந்த கேப்ல மாட்டினவன், இத மட்டுமே நம்பி உக்காந்துடாதீங்க.

நெஜமான லாபம் எம்.எஸ்சி.க்குப் போறப்பதான். கொச்சி யுனிவர்சிட்டி குசாட்ல மீட்டியராலஜி இருக்கு, விசாகப்பட்டினத்துல ஆந்திரா யுனிவர்சிட்டில இருக்கு. கொச்சில கேம்பஸ்லயே 205 மெகாஹெர்ட்ஸ் ரேடார் வச்சிருக்காங்க, மேல காத்து எந்தத் திசைல எவ்ளோ வேகத்துல போகுதுன்னு படிக்கிற எடத்துலயே பாக்கலாம். விசாகப்பட்டினத்துல ஐஎம்டியோட புயல் எச்சரிக்கை மையம் ஊருக்குள்ளயே இருக்கு. என்னக் கேட்டா கொச்சி, ஊருக்கு வந்துபோகவும் ஈஸி. அதுக்கு மேல பிஎச்.டி.ன்னா புனேல ஐஐடிஎம்ங்கற வானிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா மாசம் 37,000.

இன்ஜினியரிங்கையும் ஒதுக்க முடியாது. 2025 மே மாசம் வந்த பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்ங்கற வானிலை கணிப்பு முறை நாட்டையே 6 கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு கணக்கு போடுது, முன்னாடி 12. அந்தக் கணக்கு சூப்பர் கம்ப்யூட்டர்ல ஓடறது, கோடிங் தெரிஞ்சவனுக்கு மவுசு. பி.இ. முடிச்சு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினா பெங்களூர் ஐஐஎஸ்சில வளிமண்டலம், கடல் பத்தி எம்.டெக். போகலாம், கிருஷ்ணகிரிலேர்ந்து ரெண்டு மணி நேரம்தான். ஆனா நாலாவது வருஷம் கேம்பஸ்ல ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டர் குடுக்கறப்ப "இல்ல சார், நான் மேகம் பாக்கப் போறேன்"னு சொல்ற புள்ள எத்தன பேர்? வீட்லயும் விட மாட்டாங்க, லோன் வேற இருக்கும்.

ஜியாகிரஃபி பத்தியும் கேட்டா. மேப்பு, ஜிஐஎஸ்ங்கற கம்ப்யூட்டர் மேப் வேலைக்கு நல்லது, ஃபோர்காஸ்டுக்கு மேத்ஸ் பத்தாது. அவ்ளோதான்.

வானிலைங்கறது கடைசில காத்தும் ஈரமும் எப்படி நகருதுங்கற ஈக்வேஷன், டிஃபரென்ஷியல் கால்குலஸ் கண்டு பயந்தா இந்தப் பக்கமே வரக்கூடாது. அதான் என் ஓட்டு பிசிக்ஸுக்கு, அலைடுல மேத்ஸ், ராத்திரில பைத்தான் கோடிங். விவசாயத்துக்கே வேல செய்யணும்னு மனசு இருந்தா மட்டும் அக்ரி.

நேத்து ஃபோன் பண்ணா. பிசிக்ஸுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சாம், அக்காவுக்காக அக்ரி கவுன்சிலிங்குக்கும் போட்டாச்சாம். மொட்டமாடில வாய் அகலமான ஒரு டப்பா வச்சு தினமும் காலைல எட்டரைக்கு மழை அளக்கறாளாம், ஐஎம்டிகாரங்க அளக்கற அதே நேரம். முந்தாநாள் 14 மில்லிமீட்டராம், ஸ்கேல் கொஞ்சம் சாஞ்சிருக்கலாம்னு அவளே சொல்றா.