பகல் விருந்தா, இரவு விருந்தா: தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு கணக்கு

எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, கோலாலம்பூரின் பெரிய உணவகம் ஒன்றில் ஒரு வேளையாவது நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நானும் மனைவியும் கடந்த ஆண்டு முடிவு செய்தோம். எந்த உணவகம் என்பதைவிட எந்த வேளை என்பதுதான் பெரிய கேள்வியாக வந்து நின்றது. நான் தஞ்சோங் மாலிமுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளத்திலும் வீட்டுக் கடனும் கடைசி மகளின் கல்லூரிக் கட்டணமும் போக மிஞ்சுவதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு தொகையை ஒதுக்கியிருந்தோம். அதை ஒரே இரவில் செலவழிப்பதா, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதா என்பதுதான் வாதம். பகல் வென்றது. அது ஏன் வென்றது என்பதை, எங்களைப் போல எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நடுநிலையான அலசலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிப்படையான விஷயங்களை முதலில் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரவு விருந்து விலை அதிகம், பஃபேயில் வயிறு நிறையும், ஒரே விலைக்குக் குறித்த சில தட்டுகள் மட்டும் வரும் பகல் 'செட் லஞ்ச்' அளவில் சிறியது. இவை எல்லாருக்கும் தெரிந்தவையே. முதல் முறை போகிறவர்களை ஏமாற்றுவது விலைக்குப் பின்னால் '++' என்று நிற்கும் இரண்டு கூட்டல் குறிகள்தான். ஒன்று உணவகமே வசூலிக்கும் பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம், மற்றொன்று அரசாங்கத்தின் ஆறு விழுக்காட்டுச் சேவை வரி. 2024 மார்ச்சில் சேவை வரி எட்டு விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கு அது ஆறாகவே இருந்துவிட்டது என்பது சிறு ஆறுதல். ஆகவே பட்டியலில் 128 ரிங்கிட் என்று இருப்பது பில்லில் 148 ரிங்கிட் 48 காசாக வரும். 550 ரிங்கிட் என்று இருப்பது 638 ஆகிவிடும். எந்த வேளையை எதனோடு ஒப்பிட்டாலும் கூட்டல் குறிகளைச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ஹோட்டல் பஃபேயை நாங்கள் முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அது மோசமானது என்று சொல்லவில்லை. என் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பதினொரு பேர் போனபோது அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. அம்மா மாட்டிறைச்சி இருந்த பக்கம் திரும்பாமலே மீனையும் மரக்கறியையும் எடுத்துக்கொண்டார், பிள்ளைகள் ஐஸ்கிரீம் பெட்டியைவிட்டு நகரவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் சமைத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்த உணவும், ஒரு சமையல்காரர் உங்கள் தட்டுக்கென்றே நின்று முடித்த உணவும் ஒன்றல்ல. நாங்கள் தேடியது இரண்டாவதை. நோன்பு மாதத்தில் பல ஹோட்டல்கள் நோன்பு துறக்கும் பஃபேக்கே முழு ஆளையும் திருப்பிவிடுவதால், அப்போது பகலில் கிடைப்பது குறைவு என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாலைத் தேநீர் விருந்து எங்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கம்யூட்டர் என்னும் புறநகர் ரயில், 1910-இல் கட்டப்பட்ட பழைய கோலாலம்பூர் நிலையத்தில் நிற்கிறது. அங்கே இறங்கினால் சாலைக்கு எதிர்ப்புறத்திலேயே 1932-இல் திறக்கப்பட்ட மெஜஸ்டிக் ஹோட்டல். பல ஆண்டுகள் தேசிய ஓவியக்கூடமாக இருந்து, 2012-இல் மீண்டும் ஹோட்டலானது. ஆர்க்கிட் பூக்கள் நிறைந்த கண்ணாடி அறையில் அடுக்குத் தட்டில் சாண்ட்விச்சும் ஸ்கோனும் கேக்கும் வைத்துத் தேநீர் தருகிறார்கள். என் தாத்தா பால்மரம் சீவிய காலத்தில் இத்தகைய ஹோட்டல்களின் படியேறியவர்கள் தோட்டத்துத் துரைமார்கள்தாம் என்பதால், அங்கே உட்கார்ந்து தேநீர் குடிப்பதில் எனக்கு ஒரு தனிப்பட்ட ஆசையும் இருந்தது. ஆனால் அது சாப்பாடு ஆகாது என்று மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போக்குவரத்து என்று மட்டும் பார்த்தால் இதைப்போல் எளிதானது வேறில்லை. டாக்சியும் வேண்டாம், நகருக்குள் ஓடும் எல்ஆர்டி ரயிலும் வேண்டாம்.

ஆக, மிஞ்சியவை இரண்டு: பல தட்டுகளாக வரும் இரவு விருந்தும், வேலைநாளில் மட்டும் கிடைக்கும் பகல் 'செட் லஞ்ச்'சும்.

இரவு விருந்தின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேடு கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் 2022 டிசம்பரில் முதன்முறையாக வந்ததிலிருந்து, நம் நாட்டுச் சமையல்காரர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் ஊர்க் காப்பிக்கடை வரை பேச்சாகிவிட்டது. அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த பதிப்பில், 'தேவாக்கான்' மலேசியாவின் முதல் இரண்டு நட்சத்திர உணவகமானது. நம் காட்டிலும் கடலிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சமைக்கிறார்கள். 'நாடோடி' என்று பெயர் வைத்துக்கொண்ட இன்னோர் உணவகம் தென்னிந்திய, இலங்கைச் சமையலைச் சிறு சிறு தட்டுகளின் வரிசையாக்கிப் பெயர் பெற்றது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், "அப்பா, போறதே ஒரு தடவை, ராத்திரியே போயிட்டு வாங்க" என்று பிடிவாதமாகச் சொன்னான். இத்தகைய சமையல் பெரும்பாலும் இரவில்தான் முழுமையாகப் பரிமாறப்படுகிறது என்பது அவன் பக்கத்து நியாயம். நான் அப்படிப்பட்ட இரவு விருந்துக்குப் போனது ஒரே ஒரு முறை, அதுவும் மகனுடைய முதலாளி அழைத்ததால், என் காசில் அல்ல. ஆகவே இரவு உணவுகளில் எது எதைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒயின் எனக்குப் பழக்கமில்லை என்பதால், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று தருவது அந்த விலைக்குத் தகுமா என்பதையும் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். எங்களைப் போன்றவர்களுக்கு இரவு விருந்தின் உண்மையான விலை பட்டியலில் இல்லை, வீடு திரும்பும் வழியில் இருக்கிறது.

அந்த ஒரே முறை அனுபவத்தில் இதைத்தான் கற்றேன். ஏழரைக்கு உட்கார்ந்தோம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே கால் மணி நேரம் போவது அங்கே குறையல்ல, முறை. எட்டாவது தட்டு வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. நான் மீனைப் பார்க்கிறேனா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குக் கம்யூட்டர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும். இடிஎஸ் என்னும் விரைவு ரயில் அதில் பாதி நேரத்தில் கொண்டு சேர்க்கும், ஆனால் அதற்கு முன்கூட்டியே இருக்கை பிடித்திருக்க வேண்டும். எதுவானாலும், வடக்கே போகும் கடைசி ரயில்களில் ஒன்றை நம்பி உட்கார்ந்திருப்பவன் இனிப்புத் தட்டு வரும்வரை நிம்மதியாக இருக்க முடியாது. அன்று நான் ரயிலைத் தவறவிட்டேன். கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் மைத்துனர் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் அவருடைய மனைவி எனக்குப் பசியாறச் செய்து கொடுத்த தோசையைத் தலை குனிந்துகொண்டுதான் சாப்பிட்டேன்.

காரில் போகலாமே என்பார்கள். எண்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையை நிறைந்த வயிற்றோடு நள்ளிரவில் தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஓட்டுவதை ஐம்பத்து மூன்று வயதில் நான் விரும்பவில்லை. டோல், எண்ணெய், நகர மையத்தின் வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் தனி. அறை எடுத்துத் தங்கினால் நிம்மதிதான், ஆனால் அந்த அறைக்கு எட்டு விழுக்காடு சேவை வரி உண்டு. நான் போட்ட கணக்கு இதுதான்: ஒருவருக்கு 550 ரிங்கிட் விருந்து, இருவருக்குக் கூட்டல்களோடு 1,276. சுமாரான அறை, மறுநாள் காலை உணவு, போக வர ரயில் எல்லாம் சேர்ந்தால் 1,550-ஐத் தாண்டும். இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரின் சம்பளச் சீட்டைத் தயாரிப்பவனே நான்தான். அந்த எண்ணை ஒரே இரவோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பகல் விருந்தில் இந்தப் பிரச்சினை முழுவதும் மறைந்துவிடுகிறது. காலை ரயில் ஏறினால் பன்னிரண்டரைக்கு மேசையில் இருக்கலாம். கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்ஆர்டிக்கு மாறினால் ஐந்தாவது நிலையம், இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி. இரண்டரைக்கு எழுந்து, அங்கிருக்கும் சூரியா பேரங்காடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அலுவலகக் கூட்டம் ரயிலில் அடைவதற்கு முன் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. அறை வேண்டாம், யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். நாங்கள் போன உணவகத்தில் மூன்று தட்டும் காப்பியும் 128 ரிங்கிட்டாக இருந்தது. இருவருக்குக் கூட்டல்களோடு 296 ரிங்கிட் 96 காசு. ரயிலையும் எல்ஆர்டியையும் சேர்த்தும் 350-ஐத் தொடவில்லை. அதாவது ஓர் இரவுக்கான பணத்தில் நான்கு பகல்கள். இரவில் அதே சமையலறை, அதே பணியாளர் என்றாலும் விலை வேறு. பகலில் நாற்காலி காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த விலைக்கு ஆளை உட்கார வைப்பது அவர்களுக்கும் இலாபம் என்பதால்தான் இந்தச் சலுகையே இருக்கிறது.

வேலைநாளில் எப்படிப் போவது என்ற கேள்விக்கும் ஒரு வழி உண்டு. எங்கள் பேராக் மாநிலச் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை நவம்பரின் முதல் வெள்ளிக்கிழமை. எங்களுக்கு விடுமுறை, கோலாலம்பூருக்கு வேலைநாள். ஆண்டு விடுப்பில் ஒரு நாளையும் இழக்காமல் 2025 நவம்பர் 7-ஆம் தேதி போய் வந்தோம். சிலாங்கூர்க்காரர்களுக்கு டிசம்பர் 11 இதேபோல் பயன்படும், ஏனென்றால் சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாளுக்கும் கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் விடுமுறை கிடையாது.

வெள்ளிக்கிழமை என்பதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மனைவி அன்று மரக்கறிதான். "என்னங்க, அவ்வளவு தூரம் போய் நான் கீரை தின்னுட்டு வரவா?" என்று கேட்டார். முன்பதிவு செய்யும்போதே முட்டையும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். காளானும் பூசணியும் வைத்து அவருக்கென்று செய்து வந்த தட்டு என் மீனைவிட நன்றாக இருந்தது. வாசலில் போய் நின்று சொன்னால் இது நடக்காது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சாஸ் வரைக்கும் கேட்டுக்கொள்வது நல்லது. தட்டில் மீன் இருந்தாலும் அதன் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கக்கூடும்.

பகல் விருந்திலும் பணம் கசியும் ஓட்டைகள் உண்டு. தண்ணீர்தான் முதல் ஓட்டை. முன்பொரு முறை வேறோர் உணவகத்தில் கேட்காமலே திறந்து ஊற்றிய இரண்டு போத்தல் தண்ணீருக்கு 56 ரிங்கிட், கூட்டல்களோடு 65-க்கு நான்கு காசு குறைவு. வடிகட்டிய நீர் போதும் என்று உட்கார்ந்தவுடன் சொல்லிவிட வேண்டும், இதில் கூச்சமே வேண்டாம். அடுத்தது, செட்டுக்குள்ளேயே சில தட்டுகளுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் கூடுதல் தொகை. நண்டு, வாக்யூ மாட்டிறைச்சி போன்றவற்றைத் தொட்டால் நாற்பது, அறுபது என்று ஏறும். பணியாளர் வாயால் சொல்லும் 'இன்றைய சிறப்பு'க்கும் விலை கேட்ட பிறகே தலையசைக்க வேண்டும்.

குறைகளையும் மறைக்கவில்லை. பகலில் விளக்கொளி இல்லை, பக்கத்து மேசையில் அலுவலகக் கூட்டம் மடிக்கணினியைத் திறந்துவைத்துப் பேசுகிறது, பரிமாறுகிறவர்களின் கையில் ஒரு வேகம் இருக்கிறது. சமையல்காரரின் துணிச்சலான முயற்சிகள் இரவுப் பட்டியலில்தான் இருக்கும். பகலில் வருவது எல்லாருக்கும் பிடிக்கக்கூடிய பாதுகாப்பான தட்டுகளே. நகருக்குள் வீடு இருப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகலாம். அவருக்கு இரவு முடிந்தால் இருபது ரிங்கிட்டுக்குக் கைப்பேசியில் அழைக்கும் கிராப் கார், அவ்வளவுதான்.

ஒதுக்கிய பணத்தில் இன்னும் மூன்று பகல்களுக்கு மிச்சம் இருக்கிறது. ஒன்று பள்ளி விடுமுறையில் மகளோடு, ஒன்று அம்மாவை அழைத்துக்கொண்டு பழைய நிலையத்துக்கு எதிரே தேநீருக்கு. மூன்றாவதற்கு இன்னும் உணவகம் தேடிக்கொண்டிருக்கிறேன். முன்பதிவு செய்யும்போது இப்போதெல்லாம் ரயில் நேரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நவம்பரில் அப்படிச் சொன்னதால் இரண்டு இருபதுக்கெல்லாம் காப்பி மேசைக்கு வந்துவிட்டது.