நாண்டா வாக்கியமா, சொந்த வார்த்தையா?

கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுத உட்காரும் ஜூனியர் நர்ஸ்கள் எல்லாரும் கேட்பதுதான்: நர்சிங் டயக்னோசிஸை, அதாவது நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளியின் பிரச்சினையை, நாண்டா (NANDA) என்ற அமைப்பின் பொதுப் பட்டியல்படி எழுதுவதா, பிரச்சினையைச் சொந்த வார்த்தையில் குறிப்பதா?

நேரம்: நாண்டா இழுக்கும், பிரச்சினை, காரணம், அறிகுறி மூன்றையும் கோர்க்க வேண்டும். சொந்தக் குறிப்பு ஒரு நிமிடம். நைட் டியூட்டியில் தனியாக வார்டு பார்க்கும் சிஸ்டர் இதைத்தான் விரும்புவார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தெளிவு: "நிமோனியா" டாக்டரின் டயக்னோசிஸ், நம் வேலை என்னவென்று அது சொல்லாது. "கெட்டிச் சளியால் சுவாசப்பாதை சுத்தமாகவில்லை, இருமலில் பலமில்லை" என்று நாண்டா முறையில் எழுதிப் பாருங்கள், நிமிர்த்தி உட்காரவைப்பது, இருமப் பழக்குவது எல்லாம் தானாக வந்து நிற்கும். வெறும் "சளி அதிகம்" என்றால் காரணம் விடுபட்டுவிடும்.

மொழி: 1973-ல் அமெரிக்காவில் தொடங்கிய வேலை அல்லவா, சில சொற்கள் நம் வார்டில் ஒட்டாது.

படிப்பவர்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் நாண்டா. ஷிப்ட் மாற்றும்போது வாயால் சொல்லச் சொந்த வார்த்தை போதும், காரணத்தை மட்டும் விடாதீர்கள்.