நாலு மாரி கண்ட புல்லு மெசின்

எங்கள் ஊர் உதைபந்தாட்ட மைதானத்துக்கு 2021 தொடக்கத்தில் வாங்கிய, தள்ளிக்கொண்டு போகும் பெற்றோல் மெசின் இது. அதற்கு முன்பு தோளில் தொங்கவிடும் மெசின்தான். கை கொஞ்சம் சாய்ந்தால் ஓரிடம் மொட்டை, ஓரிடம் காடு. பந்து நேராக உருளாததால் பெடியள் எல்லாவற்றையும் தூக்கியே அடித்துப் பழகியிருந்தார்கள்.

முதல் வருசம் பிழை என்னுடையதுதான். சித்திரை வெயிலில், கணுக்கால் வரை வளர்ந்திருந்த அறுகை ஒரே வெட்டில் 25 மில்லிமீற்றருக்கு இறக்கினேன். அடிக்கடி வெட்டும் வேலை மிச்சம் என்ற நினைப்பு. இலை முழுக்கப் போய் வெறும் தண்டு நின்றது. பத்து நாளில் வைக்கோல் நிறம். வெளித்த இடமெல்லாம் நெருஞ்சி. வெறுங்காலில் ஓடிய ஒரு பெடியன் முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான்.

இப்போது கோடையில் 40, போட்டிக் காலத்தில் 30. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. அதாவது 30இல் வைத்திருக்க வேண்டுமென்றால் 45 ஆகும்போதே மெசினை இறக்க வேண்டும். மாரியில் ஐந்தாறு நாளுக்கொரு முறை. ஆவணியில் மூன்று வாரமும் சும்மா கிடக்கும். ஈரப்புல்லு மெசினின் அடிக்கூட்டில் அடைத்துக்கொள்ளும், சக்கரத் தடமும் விழும். மழை விட்டு ஒருநாளாவது பொறுக்க வேண்டும்.

வெட்டும் உயரத்தை மாற்றும் பிடியில் இருக்கும் 1, 2, 3 என்ற இலக்கங்களை நம்பாதீர்கள். சீமெந்துத் தரையில் மெசினை வைத்து, எஞ்சின் தவறியும் ஓடாதபடி ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, தரையிலிருந்து வெட்டும் பிளேட்டின் விளிம்பு வரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். எங்களுடையதில் பின் சக்கரப் புஷ் (அச்சில் சக்கரம் சுழலும் வளையம்) தேய்ந்து ஒரு பக்கம் 4 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. மைதானத்தில் வரி வரியாகப் படி விழுந்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

பிளேட்டுக்கு எமன் எங்கள் மண்ணில் தலைகாட்டும் சுண்ணாம்புக்கல். மழுங்கினால் புல்லை வெட்டாது, பிய்க்கும்; மறுநாள் நுனியெல்லாம் வெளிறிக் கிடக்கும். மாதம் ஒருமுறை தீட்டி, நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பார்ப்பேன். தாழும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் மெசின் கையை உதறும். இதுவரை இரண்டு பிளேட், ஒரு இழுகயிறு, ஒரு பிளக் மாற்றியாயிற்று. எஞ்சின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மட்டும் மெசின் பட்டினி. கியூஆர் அட்டைப் பெற்றோல் பங்கீடு வந்தபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிடைத்த 4 லீற்றரில் குழாய் போட்டு உறிஞ்சித்தான் ஓட்டினோம்.

20 மில்லிமீற்றருக்குக் கீழே வேண்டுமென்றால் இது சரிவராது. கத்தரிக்கோல் மாதிரி வெட்டும் உருளை மெசின் வேண்டும். ஆனால் எங்கள் கல்லில் அது ஒருநாள் தாங்காது. எனக்கு இதுவே போதும். பின் சக்கரப் புஷ்தான் இன்னும் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.