கியூபெக்கில் வேர் தேட எது உதவும்: இலவசப் படமா, கட்டண அட்டவணையா, டிஎன்ஏ சோதனையா?

பிரெஞ்சுக் கனடிய வம்சாவளி தேடுகிறவருக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. கியூபெக்கின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்றால் ஒரு கோவிலின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) 1621-லேயே தொடங்குகின்றன. திருமணமான பெண்ணும் அவற்றில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார், அடக்கப் பதிவு வரை. தகராறு ஆணின் பெயரில். ‘யூதோன் தி போல்யூ’ என்று ஒருவர் மணம் முடித்திருப்பார். ஒரு மகன் யூதோன் என்றும், அவன் தம்பி வெறும் போல்யூ என்றும் பதிவாகியிருக்கலாம். ‘தி’ என்றால் ‘எனப்படும்’. பிரான்சிலிருந்து 1665-ல் வந்த கரிஞ்ஞான்-சலியேர் படைச் சிப்பாய்களின் பட்டாளப் பெயர்கள் பல இப்படி ஒட்டிக்கொண்டவை. லாஃப்ளேர், சான்சூசி எல்லாம் அந்த வகைப் பெயர்கள். சொந்த ஊர், நிலம், தகப்பன் பெயர் வழியாகவும் வந்தன. ஆகவே ஒரு கருவியை எடைபோட ஒரு கேள்வி போதும்: இரண்டு பெயரையும் ஒரே குடும்பமாகக் காட்டுமா?

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளம் காட்டாது. ஆனால் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். அதன் பலம் பதிவேட்டுப் படங்கள். பெயர்த் தேடல் அரைகுறை. பெயரைத் தட்டிப் பார்த்து ‘இல்லை’ என்று விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. பங்கையும் ஆண்டையும் திறந்து, அந்த ஆண்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பல பதிவேடுகளில் பாதிரியாரே எழுதிய பெயர்ப்பட்டியல் இருக்கும். ஓரத்தில் பி என்றால் ஞானஸ்நானம், எம் திருமணம், எஸ் அடக்கம் (பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்து).

மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கிய பி.ஆர்.டி.எச். என்ற மக்கள்தொகை ஆய்வுத் தரவுத்தளம் வேறு ஜாதி. பதிவுகளை அள்ளித் தராமல், பெற்றோர், பிள்ளைகள், மறுமணம் எல்லாவற்றையும் ஒரே குடும்ப அட்டையாகக் கோத்துத் தரும், பெயர்களும் சீராக்கப்பட்டவை. பார்க்கும் பக்கத்துக்கு ஏற்பக் காசு கழியும், 19-ஆம் நூற்றாண்டின் நடுவோடு நின்றும் விடும். அதற்குப் பிறகு ட்ருவேன் நிறுவனத்தின் ழெனெயலோழி கெபெக் சந்தாதான் கைகொடுக்கும்: 1940-களை ஒட்டிய காலம் வரை படமெடுத்த பதிவேடுகளும் திருமண அட்டவணையும் அதில் உண்டு. ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்திலும் ட்ருவேன் படங்கள் இருக்கின்றன. ஆனால் பிரெஞ்சுக் கையெழுத்தைப் படித்து எழுதிய அதன் அட்டவணையில் பிழை அதிகம். முன்னோர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் போயிருந்தால் மட்டும் அதற்குக் காசு கொடுக்கலாம், ஏனெனில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் பக்கத்திலேயே கிடைக்கும். அங்கே புவாவேர் ‘கிரீன்வுட்’ ஆனார், ருவா ‘கிங்’ ஆனார், லெவெக் ‘பிஷப்’ ஆனார். ஆங்கிலப் பெயரைத் திருப்பி மொழிபெயர்க்காமல் எல்லை தாண்ட முடியாது.

காசு எதிலே போட்டாலும் தேட வேண்டியது திருமணத்தை. முதல் திருமணமானால் இரு தரப்புப் பெற்றோர் பெயரும் பொதுவாக அதில் இருக்கும். ஒரே பதிவில் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். ஆணின் குடும்பப்பெயரைக் காலியாக விட்டு, அவர் முதற்பெயர், மனைவியின் முழுப்பெயர் ஆகியவற்றால் தேடுங்கள். ‘தி’ தொல்லையில் பாதி அங்கேயே தீரும். மறுமணம் என்றால் பெற்றோருக்குப் பதில் இறந்த துணையின் பெயர் மட்டும் இருக்கும். ‘பெற்றோர் தெரியவில்லை’ என்று மூடிவிடாமல் முந்தைய திருமணத்துக்குப் போக வேண்டும். பையனின் பங்கில் கிடைக்காவிட்டால் பெண் வீட்டுப் பங்கில் பாருங்கள், கல்யாணம் பெரும்பாலும் அங்கேதான். ஓலை வாசித்த (மணத்தை முன்கூட்டிக் கோவிலில் அறிவித்த) குறிப்புக்கு அருகே உறவுமுறைத் தளர்வு, அதாவது உறவினர் மணக்கத் திருச்சபை தந்த அனுமதி, எழுதியிருந்தால் விடாதீர்கள்: ‘மூன்றாம் படி’ என்றால் மணமக்களின் பாட்டன் பாட்டிகளில் இருவர் உடன்பிறந்தவர்கள்.

ஞானஸ்நானப் பதிவு அதைவிட வழுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பையனுக்கு ஜோசஃப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது வழக்கம். அடுத்தது பெரும்பாலும் ஞானப்பெற்றோர் பெயர், வீட்டில் கூப்பிட்டது கடைசியில் வரும்.

அச்சான வம்சாவளி அகராதிகளில் தாங்கே பாதிரியாரின் 7 தொகுதிகள் (1871–1890) இலவசமாகக் கிடைக்கின்றன. பிழைகள் நிறைய, துப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1730 வரைக்கும் ரெனே ஜெத்தேயின் 1983 அகராதியே நம்பகமானது.

டிஎன்ஏ சோதனையை முதலில் வாங்குவது வீண் செலவு. 1663-க்கும் 1673-க்கும் இடையே வந்த, 800-க்குச் சற்றுக் குறைவான ‘அரசரின் மகள்கள்’ (குடியேறிகளை மணக்கப் பிரெஞ்சு அரசர் செலவில் அனுப்பப்பட்ட பெண்கள்) உட்பட, குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து பெருகிய மக்கள் இவர்கள். இருவரைப் பல கிளைகள் இணைப்பதால் இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ பகுதிகள் கூடிக்கொண்டே போகும். ‘மூன்றாம் கசின்’ என்று அறிக்கை சொல்பவர் இன்னும் தூரத்து உறவாக இருக்கலாம். ஆண்வழி ஒய்-குரோமோசோம் சோதனை மட்டும் விலக்கு. அதற்கு ‘தி’ தெரியாது. யூதோனும் போல்யூவும் ஒரே தகப்பன் வழியா என்று நேராகச் சொல்லும், நடுவில் தத்தோ வேறு தகப்பனோ இல்லாத வரை.