கேம் விக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு முதலில் எது: ரேமா, எஸ்எஸ்டியா, கிராபிக்ஸ் கார்டா?

மியான்மர் புத்தாண்டான திஞ்ஜான் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். யாங்கோன் நகரின் நடுவே, ஒடுக்கமான தெருவில் மூன்றாவது மாடி. செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகன் பிடித்துக்கொண்டான். "மாமா, டோட்டா கேம் ஆடவே முடியலை. சண்டை வந்தா படம் அப்படியே நின்னு நின்னு போகுது. அப்பாகிட்ட சொல்லி ஒரு கார்டு வாங்கித் தரச் சொல்லுங்க." மச்சானுக்கு வேறு யோசனை. மெஷினுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார். தெருமுனைக் கடைக்காரரோ விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தாராம்.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விக்கல் எந்த நேரத்தில் வருகிறது என்று மூவரும் பார்க்கவில்லை. எதற்குக் காசு செலவழிப்பது என்பதை அந்த நேரம்தான் சொல்லும்.

மெஷின் இதுதான்: கோர் ஐ5-4590 பிராசசர், எச்81 சிப்செட் மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

முதலில் ஒரு கணக்கு. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓடினால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட். 59 ஃபிரேம் அரை விநாடியிலேயே ஓடி முடிந்து, மிச்சமுள்ள ஒன்று மட்டும் அரை விநாடி இழுத்தாலும் மூலையில் இருக்கும் எண் 60 என்றே காட்டும். கண்ணுக்கோ அது பெரிய விக்கல். அதனால் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் அந்த எஃப்பிஎஸ் எண்ணை நம்பாதீர்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம்டைம் கோட்டைத் திரையிலேயே வரவையுங்கள். கோடு சமமாகப் போகிறதா, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். படம் வழுவழுப்பாக ஓடி, ஆட்கள் மட்டும் இங்கிருந்து அங்கே தாவினால் அது இன்டர்நெட் கோளாறு. அதற்கு மெஷினில் எதை மாற்றியும் பலன் இல்லை.

சுத்தம் செய்வதா, பாகம் வாங்குவதா

மற்ற ஊர்களில் எப்படியோ, யாங்கோனில் ஏப்ரல் மாதம் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். வெளியே 37, 38 டிகிரி. கரண்ட் இல்லாத நேரம் போக, இருக்கும் நேரத்தில் மெஷினை விடாமல் ஓட்டுகிறோம். ஆட்டத்தின் முதல் பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் கனத்துப்போனால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மருமகன் மெஷினின் பக்கப் பலகையைக் கழற்றினேன். பிராசசர் ஃபேனுக்குக் கீழே, அலுமினிய இதழ்களுக்கு நடுவில், தூசி ஒரு கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. பூஜை அறைக்குப் பக்கத்து மேஜை என்பதால் சாம்பிராணிப் புகை ஏறி அது பிசுபிசுப்பாக வேறு இருந்தது. விரலால் தூக்கினால் ஒரே துண்டாக வந்தது. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து ஒரு ஆட்டம் ஆடச் சொன்னேன். சண்டை சூடுபிடித்தபோது பிராசசர் 100 டிகிரியைத் தொட்டது. அந்தச் சூட்டுக்குப் போனால் இந்த பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது அதிக வேலை வரும் நொடியில்தான் அது தளர்கிறது. கார்டின் உழைப்பு அப்போது பாதிகூட இல்லை. புது கார்டு வாங்கிப் போட்டிருந்தாலும் இந்த விக்கல் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஒரு பிரஷ், கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு சிறிய டியூப். செலவு அவ்வளவுதான். காற்று அடிக்கும்போது மட்டும் ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலரைத் திரும்ப மாட்டும்போது நான்கு மூலைப் பின்னும் டக்கென்று உட்கார்ந்ததா என்று போர்டின் பின்பக்கமும் பார்த்துவிடுங்கள். ஒன்று ஏறாமல் நின்றால் பேஸ்ட் போட்டதும் வீண்.

ரேமா, எஸ்எஸ்டியா

பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான், ஏனென்றால் ஒன்றின் நோய் இன்னொன்றின் மேல் தெரியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். உடனே ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி வாங்க ஓடுவோம். ஆனால் ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலில் எழுதி எழுதிப் படிக்கும். டிஸ்க் திணறுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். கேம் விக்கும்போது ஆல்ட்-டேப் அடித்து டாஸ்க் மேனேஜரில் மெமரி (ரேம்), டிஸ்க் இரண்டு சதவீத எண்களையும் சேர்த்துப் பாருங்கள். மெமரி 90க்கு மேல், டிஸ்கும் 100 என்றால் ரேம்தான் குறை. மெமரி 60, 65ல் நிற்க, டிஸ்க் மட்டும் 100 என்றால் எஸ்எஸ்டி. இன்னும் உறுதி வேண்டுமானால் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்து, ஹார்ட் ஃபால்ட்ஸ் வரிசை (ரேமில் இல்லாததை டிஸ்கிலிருந்து எடுத்த தடவைகள்) கேம் ஆடும்போது விடாமல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லிசெகண்டுக்கு மேலேயே ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஒரு ஃபிரேமுக்கு இருப்பதே 16.7 என்பதால், புது இடத்துக்குள் நுழையும்போதும், புது ஹீரோ முதல் தடவை திரையில் வரும்போதும் ஹார்ட் டிஸ்க் மெஷின் ஏன் விக்குகிறது என்று புரியும். எஸ்எஸ்டி போட்டால் அந்த விக்கல் போகும், லோடிங் நேரம் குறையும். சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. அதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ரேமுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே ஸ்டிக் என்றால் பாதை ஒன்றுதான். டிடிஆர்3-1600ல் விநாடிக்கு 12.8 ஜிபி. இரண்டாவது ஸ்டிக் போட்டால் 25.6. பிராசசர் திணறும் கூட்டச் சண்டைகளில் கோடு குத்துவது இதனால் குறையும். தனி கார்டு இல்லாமல் இன்டெல் உள்கிராபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். அந்த கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

இந்த வீட்டில் மெமரி 93ல் நின்றது. பின்னால் குரோமும் திறந்திருந்தது. அதனால் ரேம் முதலில் என்று முடிவு செய்தோம். போனில் சொன்னதும் கடைப் பையன் வந்து, பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றுக் கிளிப்பில் பாக்கெட்டை மாட்டிவிட்டு மணியை ஆட்டினான். அக்கா இழுத்து எடுத்தாள். பழைய 8 ஜிபி ஸ்டிக், அதே 1600 வேகம். எச்81 போர்டில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. 16 போதும்.

எஸ்எஸ்டியை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருப்பேன். ஆனால் டிஸ்கின் நலனைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் ஹார்ட் டிஸ்கை மஞ்சள் நிறத்தில் காட்டியது. பென்டிங் செக்டர்கள், அதாவது சரியாகப் படிக்க முடியாத இடங்கள், இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்ப் போய் வந்தால் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்? செக்டர் கெடும் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அப்போது கேம் மட்டுமல்ல, மவுஸ்கூட நின்றுவிடும். உங்கள் டிஸ்கும் மஞ்சள் காட்டினால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இந்தப் போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேரே போர்டில் செருகும் இடம்) இல்லாததால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான். அதை 6 ஜிபிட் போர்ட்டில் செருக வேண்டும். போர்டில் பாதி போர்ட்டுகள் பழைய 3 ஜிபிட்.

கார்டு எப்போது

கேமின் ரெசல்யூஷனை 720க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் கார்டு பலவீனம். ஏறாவிட்டால் பிராசசர் பக்கம் பாருங்கள். டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை) மட்டும் குறைத்ததும் விக்கல் போனால் கார்டின் 2 ஜிபி மெமரி போதவில்லை என்று அர்த்தம். டோட்டாவில் மருமகனுக்கு ஃபிரேம் ஏறவே இல்லை. அவன் ஆட ஆசைப்படும் புதிய கேம்களில் ஏறும். அதனால் அவன் கேட்டது தப்பில்லை, வரிசைதான் தப்பு.

வாங்குவதானால் மூன்று பெயர்கள் அடிபடும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ஆர்எக்ஸ் 6400 பெயருக்குப் புதியது, ஆனால் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும் பாதையான பிசிஐஇ லேன் அதற்கு நான்கே. எச்81ன் பிசிஐஇ 2.0 ஸ்லாட்டில் அது விநாடிக்கு 2 ஜிபிதான். 4 ஜிபி மெமரி நிரம்பிய நொடியில் அந்தக் குறுகிய பாதை விக்கலைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஜிடிஎக்ஸ் 1650க்குப் பதினாறு லேன், அதே ஸ்லாட்டில் 8 ஜிபி. 75 வாட்டுக்குள் அடங்குவதால் பல மாடல்களுக்குத் தனி பவர் வயரும் வேண்டாம். இந்தப் போர்டுக்கு என் ஓட்டு 1650க்குத்தான். 150 வாட் ஆர்எக்ஸ் 570 நல்ல கார்டு, ஆனால் பத்து வருஷம் உழைத்த பவர் சப்ளையை நம்பி அதைப் போட மாட்டேன். இன்வெர்ட்டரில் ஓட்டும் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

பிராசசரே குறை என்றால் இதே சாக்கெட்டில் ஐ7-4790 உட்காரும். ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகளான த்ரெட் நான்கிலிருந்து எட்டாகும், வாட் அதே 84.

விண்டோஸ் மறுபடி போடுவது இந்த வரிசையில் கடைசி. கிராபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் போட்டுப் பார்த்த பிறகு யோசிக்கலாம். புது மெஷின் என்ற மச்சானின் பேச்சை நான் மறுக்கவில்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆனால் அதற்குச் சேர்க்கும் பணத்தை இந்த வருஷமே எடுக்க வேண்டிய அவசரம் இல்லை.

பேஸ்ட் போட்டு, ரேம் செருகி, எஸ்எஸ்டிக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இரவு ஒன்பதரைக்குத் தெரு முழுக்க "மீ லாபி!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று கத்தல். நகலை முதலிலிருந்து ஆரம்பித்தோம். பதினொன்றரைக்கு மருமகன் ஒரு ஆட்டம் ஆடினான். பெரிய சண்டையில் பிராசசர் 74 டிகிரி, மெமரி 52 சதவீதம். ஃபிரேம்டைம் கோடு இரண்டே இடத்தில் குத்தியது. ஃபிரேமை 60க்குக் கட்டிப்போட்டதும் அதில் ஒன்று போனது.